நிழலில் உலர்த்துவது பற்றிய ஒரு வரி

பத்து நிமிடப் பேச்சுக்கு எழுத்தில் நாலரைப் பக்கம். முழுத்தாளில், வரிக்கு வரி இடம்விட்டு, என் கையெழுத்தில் நாலரைப் பக்கம். ஐந்தாம் பக்கத்தில் பாதியைத் தாண்டினால், ரேடியோ நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் புறம் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் இரண்டு விரலை உயர்த்திக் காற்றில் கத்தரி போடுவார். வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வருடம் அந்தக் கத்தரியைப் பார்த்தேன்.

நான் பயிர் நோய்களைப் படித்தவன். கோவையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மஞ்சளையும் வாழையையும் அடியில் அழுகவைக்கும் பூசணங்கள்தான் என் பாடம். ஆனால் அதற்காக என்னை யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை மாலை ரேடியோவில் விவசாயிகளுக்குப் பேசுகிறவர் என்றுதான் தெரியும். ஒருமுறை ஈரோடு பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டேன். அந்தக் குரலை வைத்தே பக்கத்து சீட்டுக்காரர், "ஏனுங்க, நீங்க ரேடியோவுல பேசறவருங்களா?" என்று கேட்டுவிட்டார். இறங்கும்வரை தன் தென்னையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், ஆராய்ச்சிக் கட்டுரை அச்சில் வந்த எந்த நாளிலும் இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு. படித்தது ஆங்கிலத்தில். கொங்குத் தமிழ் தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் பழகியதுதான். அதை ரேடியோவுக்காக மெருகேற்றிக்கொண்டேன். எந்த இடத்தில் 'ங்க' போட வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தி 'கண்ணு' என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆராய்ச்சி நிலையத்தில் உடன் வேலை பார்த்தவர்களுக்கு இது இளக்காரம். கேன்டீனில் என்னைப் பார்த்தால், "வாங்க, பேச்சாளரே. இந்த வாரம் எந்தப் பூசணம் சிரிக்க வைக்கப்போகுது?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். என் வாயிலிருந்து ஒரே ஒரு தப்பு விழட்டும் என்று அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. விதை மஞ்சளை அடுத்த நடவு வரைக்கும் அழுகாமல் பாதுகாப்பது எப்படி என்று பேச வேண்டும். விஷயம் சின்னது. பூசணத்தைக் கொல்லும் மருந்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், விதைக் கிழங்கை அரை மணி நேரம் அதில் முக்கி வைக்க வேண்டும், எடுத்து நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும், பிறகு நிழலான இடத்தில் குவித்து, மஞ்சள் தழையைப் போட்டு மூடி, மேலே சாணியும் மண்ணும் குழைத்துப் பூச வேண்டும். இப்படியே சொன்னால் யார் கேட்பார்கள்? நான் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தேன். தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை எப்படி உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து ஊறவைக்கிறோமோ, அப்படி மஞ்சளையும் ஊறவையுங்க என்று. மாமியார் என்ன சொல்வார், மச்சினன் என்ன கிண்டல் செய்வான் என்று அது ஒரு பக்கத்துக்கு நீண்டுவிட்டது.

ஒலிப்பதிவுக்கு முன்னால் தயாரிப்பாளர் படித்துப் பார்த்துவிட்டு, அரை நிமிடம் கூடுகிறது என்றார். எதையாவது எடுத்துவிடுங்கள், மச்சினனை எடுத்தால் சரியாகிவிடும் என்றார். நான் நீலப் பென்சிலை எடுத்தேன். மச்சினனை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். நிழலில் உலர்த்துவது பற்றி மூன்று வரி இருந்தது. எவ்வளவு நேரம், எப்படிப் பரப்ப வேண்டும், ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று. உப்புச் சப்பில்லாத வரிகள். நனைத்ததை உலர்த்தித்தானே வைப்பார்கள், இதைக் கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடித்தேன். பேச்சு பத்து நிமிடத்துக்குக் கச்சிதமாக வந்தது. பதிவு முடிந்ததும் தயாரிப்பாளர் கதவைத் திறந்து, மச்சினன் நன்றாகத்தான் இருக்கிறான் சார் என்றார்.

நனைத்ததை உலர்த்தித்தான் வைப்பார்கள் என்று நான் நினைத்தது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகள் பலர் விதை மஞ்சளை அதுவரை நனைத்ததே கிடையாது. வெட்டிய மண்ணோடு அப்படியே குவித்து மூடுவார்கள். நனைப்பது புதுப்பழக்கம். ஆகவே உலர்த்தும் பழக்கமும் இல்லை. என் பேச்சைக் காதில் வாங்கிவிட்டுத் தங்கள் போக்கில் செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்த ஒருவருக்குத்தான் ஆனது.

அவர் சென்னிமலைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒன்றரை ஏக்கர் மஞ்சள். அந்த ஊரில் என் பேச்சைக் கூடிக் கேட்பதற்கு ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். ரேடியோ இருந்தது அவர் வீட்டில். வியாழக்கிழமை மாலை மாட்டுக் கொட்டகை முன்னால் ஸ்டூல் போட்டு ரேடியோவை வைத்து, பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, நான் பேசப் பேச ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார். பேச்சு முடிந்ததும் எழுதியதை ஒருமுறை எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். டிவி வந்து பாதி ஊர் அந்தப் பக்கம் போன பிறகும் அவர் விடவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வைகாசியில் அவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. நடவுக்காகக் குவியலைப் பிரித்தபோது விதை முழுவதும் அழுகிக் கூழாகக் கிடந்தது என்று எழுதியிருந்தார். கோபமே இல்லாத கடிதம். ஐயா சொன்னதில் ஏதோ ஒரு வரியை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன் போலத் தெரிகிறது, அது எந்த வரி என்று தெரிவித்தால் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்ல வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: மருந்தில் முக்கியதும் உடனே குவித்து மூடினேன்.

கார்டைப் படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மூன்று வரியின் மேல் நீலக் கோடு. என் கோடு. அந்த வருடம், ஆராய்ச்சியை விவசாயிகளிடம் கொண்டுபோகும் விரிவாக்கப் பிரிவுக்குத் தலைவர் இடம் காலியாகவிருந்தது. எனக்கு வரும் என்று பேச்சு. கேன்டீனில் காத்திருந்தவர்களை நினைத்தேன்.

ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். தப்பு என்னுடையது என்று. மாதக் கடைசி வியாழன் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் நாள். நான் அவர் கடிதத்தை அதற்கு எடுத்துக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை. சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு நண்பர் என்றேன். மஞ்சள் மாப்பிள்ளையை நல்லாக் குளிக்க வெச்சாருங்க, ஆனா தலையத் தொவட்டாம ஈரத்தோடயே படுக்கப் போட்டுட்டாருங்க, அப்புறம் மாப்பிள்ளைக்குச் சளி பிடிக்காம என்னங்க பண்ணும் என்றேன். அறிவியலை அரைகுறையாகக் கேட்கக் கூடாது என்று முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்கு அந்த மூன்று வரி ஞாபகம் இல்லை.

சென்னிமலைப் பக்கத்தில் எத்தனை பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்? அன்றைக்குக் கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் கையில் நோட்டு இருந்திருக்கும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஆடி மாதம் அவர் நேரிலேயே வந்துவிட்டார். மனைவியும் கூட வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவர் நிற்பதால் மனைவியும் நின்றார். கடிதத்தை ரேடியோவில் படித்ததற்கு முதலில் நன்றி சொன்னார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயம். அந்த வருடம் மஞ்சள் போடவில்லை, சோளம் விதைத்திருக்கிறேன் என்றார். பிறகு பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார்.

"நீங்க எழுதி வெச்சுப் படிச்ச காயிதம் இருக்குமுங்களே சார். அத ஒருக்காக் காட்டுனீங்கன்னா, நான் எங்க உட்டுப்போட்டேன்னு பாத்துக்குவனுங்க."

காகிதம் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில், இரண்டாம் தட்டில் இருந்தது. ரேடியோ நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றேன். அப்படீங்களா என்றார். நம்பிவிட்டார்.

அப்போது அவர் மனைவி வாயைத் திறந்தார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"நானும் கேட்டனுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கேட்டனுங்க. காய வெக்கோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்க."

"நீ சித்தெ சும்மாரு" என்றார் அவர். "சார் சொல்லாம இருப்பாங்களா? மாட்டப் பாத்தியா, ரேடியோவக் கேட்டியா?"

"மாட்டுக்குக் காது கேக்கறப்ப எனக்குக் கேக்காதா?"

அவர் என்னைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சிரித்தார். நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது. நான் செய்தது வேறு. நோட்டைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். விதை மஞ்சள் பக்கம் எடுத்து வைத்திருந்தார். சாய்வில்லாத, குண்டு குண்டான எழுத்து. நான் பேசியதில் ஒரு சொல்கூட விடுபடவில்லை. மாமியாரையும் மச்சினனையும்கூட எழுதியிருந்தார். முக்குவதற்கும் மூடுவதற்கும் நடுவே இரண்டு வரிக்கு இடையில் இருந்த சந்தில், என் பேனாவால், பொடி எழுத்தில் எழுதினேன்: எடுத்து நிழலில் பரப்பி ஈரம் போக நன்றாக உலர்த்தவும்.

வாங்கிப் பார்த்தார். சார் கையாலேயே எழுதிக் கொடுத்தது சந்தோஷம் என்றார். மனைவி நோட்டைப் பார்க்கவில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

பிரிவுத் தலைவர் இடம் எனக்குத்தான் வந்தது. அதன் பிறகும் பேச்சு தொடர்ந்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அலுப்பாக இருந்தது. எந்த வரியையும் அடிக்கப் பயமாகவும் இருந்தது. ஒவ்வொரு வாரமும் நேரம் கூடிப் போயிற்று. தயாரிப்பாளர், வயசாக ஆகப் பேச்சு நீளுது சார் என்று சொல்லிவிட்டுத் தானே வெட்டிக்கொண்டார். எதை வெட்டினார் என்று நான் கேட்டதில்லை.

ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கையில் ஈரோட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். மஞ்சள் மண்டியில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குவியலருகே ஒரு தரகர், மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த யாரையோ கூப்பிட்டு, "ஏனுங்க, மாப்பிள்ளைக்குச் சளி உட்டுதுங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அவரல்ல, வேறு யாரோ. இது என்ன பேச்சு என்று தரகரிடம் கேட்டேன். சரக்கில் ஈரம் இருந்தால் இப்படிச் சொல்வோம், சென்னிமலைப் பக்கம் ஒருத்தர் ரேடியோவை ஒழுங்காகக் கேட்காமல் விதையை அழுகவிட்டார், அதிலிருந்து வந்தது என்றார். அதை எனக்கே விளக்கிச் சொன்னார். என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

மூன்று வருடமாக அந்த மனிதர் இதே மண்டிக்குத்தான் வந்து போயிருக்கிறார். அன்றைக்குக் கோவைக்குத் திரும்பாமல் பெருந்துறை போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன்.

வீட்டில் இருவரும் இருந்தார்கள். கட்டில் போட்டு உட்காரச் சொன்னார்கள். மோர் வந்தது. குடித்து முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்த வரியை நான் படிக்கவே இல்லை, நேரம் பற்றாததால் அடித்துவிட்டேன், உங்கள் நோட்டில் நான் எழுதியது பொய், நீங்கள் எதையும் விடவில்லை என்று.

அந்த அம்மாள், நான் சொன்னேனா இல்லையா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணவர் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் அங்கேயே இருந்தது. அதன்மேல் தவிட்டு வாளி.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, மன்றத்துக்கு ஆட்கள் வருகிறார்களா எனக் கேட்டேன். அது நின்றுபோய் வருஷமாச்சுங்க என்றார். நோட்டைப் படித்துக் காட்டினால், சரியாத்தான் எழுதினீங்களா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றார். பிறகு சொன்னார்:

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது சார்? ஊரெல்லாம் ரேடியோவுலதானுங்க கேட்டுது."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்களுக்குச் சிரமம்னா வேண்டாமுங்க" என்றார்.

ரேடியோவிலேயே சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், எந்த வியாழன் என்று முன்னமே ஒரு கார்டு போட்டால் நாலு பேரை வரச் சொல்லிவிடுவேன் என்றார்.

அதன் பிறகு இருபதுக்கு மேல் வியாழக்கிழமைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தள்ளினேன். கடைசிப் பேச்சுக்கு முந்தின வாரம்தான் கார்டு போட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். பிரிவுக்கு நானே தலைவன். தயாரிப்பாளர், கடைசிப் பேச்சு சார், ரெண்டு நிமிஷம் கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து எழுதிய முதல் தாளில் எல்லாமே இருந்தது. மச்சினன், நீலப் பென்சில், சென்னிமலை நண்பர், எல்லாம். இரண்டாம் தாளில் பென்சில் போயிற்று. மூன்றாம் தாளில் சென்னிமலை போயிற்று. மைக் முன்னால் நான் படித்தது இதுதான்: "கடந்த காலத்தில் ஒலிபரப்பான உரையொன்றில் தவிர்க்க இயலாத காரணங்களால் செய்முறைக் குறிப்பொன்று இடம்பெறாமல் போயிருக்கக்கூடும். அதனால் நேயர் எவருக்கேனும் இடர் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறேன்."

ஒரு 'ங்க' இல்லை. பூசணத்தைக்கூடப் பக்கத்து வீட்டு வம்புபோலப் புரியவைத்தவன் நான். என் தப்பை மட்டும் சர்க்கார் சுற்றறிக்கைத் தமிழில் சொன்னேன். எவருக்கும் புரியக் கூடாது என்றால் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அந்தத் தொழிலில் கற்றுக்கொள்கிற ஒன்றுதான்.

ஒரு வாரம் கழித்து வீட்டு முகவரிக்குப் போஸ்ட்கார்டு வந்தது. அதே குண்டு எழுத்து. ஐயாவின் பேச்சைக் கேட்டோம். பதினோரு பேர் வந்திருந்தார்கள். விடுபட்டதாக ஐயா சொன்னது எந்தப் பேச்சில் என்று இங்கே கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிவித்தால் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அவருக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்து நானே சொன்னேனே. பதினோரு பேர் முன்னால் அதைத் தன் வாயால் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள், என் கையால் நாலு வரி இருந்தால் காட்டலாம் என்றுதான் கேட்டிருந்தார். எனக்கு அவமானம் வராதபடி, தெரியாதவர்போலக் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. போடக் கூடாது என்று முடிவு செய்யவில்லை. நாளைக்கு என்று வைத்தேன். அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன வருடம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன். நோட்டு எழுதியவர் காலமாகி நாலைந்து வருடம் ஆகிறதாம். அந்த அம்மாள் மகள் வீட்டில் இருக்கிறாராம். எந்த ஊர் என்று வந்தவருக்குத் தெரியவில்லை. மண்டியில் இப்போதும் அப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சளிங்களா, ஆமாங்க, சொல்வாங்க என்று அவரும் சிரித்தார்.

கடைசிப் பேச்சில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன். சென்னிமலைப் பக்கத்து நண்பர் ஒருத்தர் ரேடியோவ ஒழுங்காக் கேக்கலைன்னு நான் சொன்னனுங்க. அது பொய்யிங்க. உலத்தச் சொல்லாம உட்டது நானுங்க. அவரு நான் சொன்னத ஒரு சொல் உடாமக் கேட்டாருங்க, கேட்டபடியே செஞ்சாருங்க. தப்பு பூராவும் என்னுதுங்க.

எழுதிவிட்டு, பழைய வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.